அரைப் பென்னிக்கு ஆறு அட்டை

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில், கம்பளி ஆலைகளை நம்பி வளர்ந்த ஊர் பிராட்ஃபோர்டு. 1880களில் அந்த ஊரின் மானிங்ஹாம் பகுதியில் பொம்மை வியாபாரம் செய்துவந்த ஜான் பெயின்ஸ், சிறுவர்களுக்கென்று ஒரு புதுச் சரக்கை இறக்கினார். கேடய வடிவில் வெட்டி, பல வண்ணங்களில் அச்சிட்ட சிறு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அணியின் பெயர், பெரும்பாலும் ஓர் ஆட்டக்காரரின் உருவம், ‘விடாமல் ஆடு’ என்கிற மாதிரி ஒரு வரி உசுப்பல். ஆறு அட்டைகள் அடங்கிய பொட்டலம் அரைப் பென்னி. இந்த அட்டைப் பொட்டலத்தைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவனே என்று பெயின்ஸ் விளம்பரமும் செய்துகொண்டார். கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும்கூட அட்டை போட்டார். ஆனால் அவர் ஊரில் அன்றைக்கு ராஜ ஆட்டம் ரக்பிதான்.

பழைய ரக்பி அட்டைகளைச் சேகரிப்பவர்கள் தேடுவது இரண்டு வகை. ஒன்று வணிக அட்டை: பெயின்ஸின் கேடயங்களைப் போலத் தனியாக விற்றவையும், சிகரெட் பெட்டிக்குள் இலவசமாக வந்தவையும் இதில் அடங்கும். மற்றது பட அஞ்சலட்டை. இரண்டுமே மலிவுச் சரக்கு, தூக்கிப் போடுவதற்கென்றே அச்சானவை. ரக்பியின் அதிகாரபூர்வ வரலாறு நெடுங்காலம் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளையும் கனவான்களின் நினைவுக் குறிப்புகளையும் வைத்தே எழுதப்பட்டது. அதில் இடம் கிடைக்காத வடக்கத்தித் தொழிலாளர் ரக்பி இந்த மலிவுக் காகிதத்தில்தான் தங்கியிருக்கிறது. இன்றைய சேகரிப்புச் சந்தையின் விலைக் கணக்கோ அந்தப் பகுதியைத்தான் மறுபடியும் ஓரங்கட்டுகிறது என்பது என் கருத்து.

முதலில் பெயின்ஸின் வாடிக்கையாளர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு துணி ஆலைகளில் பெண்கள், சிறுவர்களின் வேலையை முடித்தது. நடைமுறையில் ஆண்களுக்கும் அதுவே வேலைநேரம் ஆயிற்று. சனிக்கிழமைப் பிற்பகல் என்ற ஒன்று ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த பிறகுதான் அவன் ஆட்டம் பார்க்கப் போனான். 1870இல் தொடக்கக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்த டபிள்யூ. ஈ. ஃபார்ஸ்டர், பிராட்ஃபோர்டின் நாடாளுமன்ற உறுப்பினரேதான். பத்து வருடத்தில் பள்ளிக்குப் போவது கட்டாயமாயிற்று. அட்டையில் அச்சான அணியின் பெயரைத் தானே வாசிக்கத் தெரிந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் தலைமுறை அப்படி உருவானது. 1877இல் தொடங்கிய யார்க்‌ஷயர் சவால் கோப்பை, தெருவுக்குத் தெரு போட்டியை மூட்டிவிட்டது. ஓய்வு, எழுத்தறிவு, உள்ளூர்ப் போட்டி மூன்றும் கூடிய இடத்தில் ஒரு பொம்மைக்காரர் கடை விரித்தார். போட்டியும் உடனே வந்தது. அதே ஊரில் டபிள்யூ. என். ஷார்ப் என்ற நிறுவனமும் இதுபோன்ற அட்டைகளைப் போட்டது.

பெயின்ஸின் கேடயங்களில் பெரிய அணிகள் மட்டும் இல்லை என்பது முக்கியம். தேவாலயத்தைச் சேர்ந்த அணி, ஞாயிறு பள்ளி அணி, ஒரு பேட்டையின் பெயரை மட்டும் தாங்கிய அணி என்று எதற்கும் அட்டை உண்டு. அந்தப் பேட்டைப் பையன் வாங்குவான் என்றால் அச்சடிப்பார், அவ்வளவுதான் அவருடைய கொள்கை. இன்றைக்கு ஒரு பழைய கேடயத்தைக் கையில் எடுத்தால், அந்த அணியைப் பற்றி வேறெங்கும் ஒரு வரிகூடக் கிடைக்காமல் போக வாய்ப்பு உண்டு. அவர் போட்ட எல்லா அட்டைகளுக்குமான முழுப் பட்டியல் இன்றுவரை இல்லை. வட்டம், விசிறி, பந்து என்று வடிவங்களையும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

பையன்கள் இவற்றைப் பெட்டியில் பூட்டி வைக்கவும் இல்லை. சுவரை நோக்கிச் சுண்டி எறிந்து, யாருடைய அட்டை யாருடையதன்மேல் விழுகிறதோ அவன் இரண்டையும் எடுத்துக்கொள்ளும் ஆட்டம் ஆடினார்கள். சிவகாசித் தீப்பெட்டிப் படங்களை வைத்து ஆடிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால் தப்பிப் பிழைத்த கேடயங்களில் பெரும்பாலானவற்றின் முனை மழுங்கியிருக்கும். முனை கூராக இருக்கிற கேடயம் விலை அதிகம். ஆனால் முனை மழுங்காத கேடயம் என்றால் அதை வைத்து யாரும் ஆடவில்லை என்று அர்த்தம்.

இனி, ரக்பி உடைந்த கதை. 1871இல் லண்டனில் உருவான ரக்பி கால்பந்துச் சங்கம், ஆட்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தது. சனிக்கிழமைக் காலை ஆலை வேலையை விட்டுவிட்டு வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவனுக்குக் கூலி போய்விடும். அந்த இழப்பை மட்டும் ஈடுகட்டலாம் என்று 1893இல் யார்க்‌ஷயர் பிரதிநிதி ஜேம்ஸ் மில்லர் தீர்மானம் கொண்டுவந்தார். 282க்கு 136 என்ற கணக்கில் அது தோற்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கழகங்கள் பிரிந்து வடக்கு ஒன்றியத்தை அமைத்தன. விடுபட்ட வேலைக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்பது அவர்கள் வைத்த விதி. இன்று ரக்பி லீக் என்று தனி ஆட்டமாக நிற்பது இதிலிருந்து வந்ததுதான். பிரிந்து போனவர்களோடு ஒரு முறை ஆடினாலும், பழைய சங்கத்தின் ஆட்டமான யூனியன் ரக்பியிலிருந்து ஆயுள் தடை. அந்தக் கோடு 1995 வரை, சரியாக நூறு ஆண்டு, நீடித்தது.

வடக்கு ஒன்றியத்தின் முதல் சாம்பியன் யார் தெரியுமா? பெயின்ஸின் கடை இருந்த அதே மானிங்ஹாமின் அணி, 1895–96 பருவத்தில். ஏழே ஆண்டில், 1903இல், பணமுடையில் அந்தக் கழகம் ரக்பியையே கைவிட்டுக் கால்பந்துக்குத் தாவி பிராட்ஃபோர்டு சிட்டி ஆனது. அதே வேலி பரேட் மைதானம், அதே கருஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த சீருடை. 1907இல் ஊரின் இன்னொரு பெரிய கழகமும் அதே வழியில் போனது. அதை ஏற்காதவர்கள் பிரிந்து பிராட்ஃபோர்டு நார்தர்ன் என்ற ரக்பி அணியைத் தொடங்கினார்கள். ஆக, கருஞ்சிவப்பும் மஞ்சளுமாக ‘மானிங்ஹாம்’ என்று போட்ட ஒரு கேடயம் கிடைத்தால் அது எந்த ஆட்டத்தின் அட்டை என்பதில் இன்று கால்பந்துச் சேகரிப்பாளருக்கும் ரக்பிச் சேகரிப்பாளருக்கும் இழுபறி. பெயின்ஸுக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. பிளவுக்கு முன்னும் பின்னும் இரு தரப்புக்கும் அட்டை போட்டார். சங்கங்கள் ஒருவரையொருவர் விலக்கி வைத்திருந்த நாட்களில் ஒரு பொட்டலத்துக்குள் எல்லாரும் ஒன்றாகக் கிடந்தார்கள்.

அரைப் பென்னி இந்தக் கதையில் இன்னொரு முறை வருகிறது. 1870 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில் அஞ்சலட்டை அனுப்ப அரைப் பென்னிதான். 1894 செப்டம்பரில் தனியார் அச்சிட்ட அட்டைகளுக்கு அனுமதி கிடைத்தது. 1902இல் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் செய்தியும் வலப்புறம் முகவரியும் எழுதலாம் என்றார்கள். அதன் பிறகு முன்பக்கம் முழுவதும் படத்துக்கே. ஒளிப்படத் தாளையே அஞ்சலட்டைப் பின்பக்கத்தோடு விற்கத் தொடங்கினார்கள். ஊருக்கு ஒரு ஸ்டுடியோக்காரர் போதும். சனிக்கிழமை அணியை நிற்க வைத்துப் படமெடுத்து, திங்கட்கிழமை ஐம்பது அட்டை போட்டு ஆட்டக்காரர்களுக்கும் பக்கத்துக் கடைக்கும் விற்றுவிடுவார். முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் பிரிட்டனில் ஆண்டுக்கு 80 கோடிக்கு மேல் அஞ்சலட்டைகள் போய்வந்தன. அதில் ரக்பியின் பங்கு மிகச் சிறியதுதான். இருந்தும் எத்தனையோ சிறு கழகங்களுக்கு மிஞ்சிய ஒரே முகம் அந்த அட்டைதான்.

இந்த வகை அணி அட்டை ஒன்றை எப்படிப் படிப்பது? நடுவில் உட்கார்ந்திருப்பவர் அணித்தலைவர். மடியில் பந்து. பந்தின்மேல் சுண்ணாம்பு வெள்ளையில் பருவத்தின் ஆண்டுகளை எழுதியிருப்பார்கள், சில வேளை கழகத்தின் பெயரின் முதல் எழுத்துகளும் இருக்கும். ஓரங்களில் வட்டத் தொப்பியும் கோட்டுமாக நிற்பவர்கள் நிர்வாகிகள். தோளில் துண்டு போட்டவர் பயிற்சியாளர். சீருடையில் இருப்பவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். 1906இல் வடக்கு ஒன்றியம் அணிக்கு 13 பேர் என்று குறைத்தது. சீருடையில் 13 பேர் இருந்தால் அது லீக் அணியாக இருக்கலாம். மாற்று ஆட்டக்காரரும் வரிசையில் நிற்பதுண்டு என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.

அட்டையைத் திருப்பினால் தபால்தலை சாட்சி சொல்லும். ஏழாம் எட்வர்டின் அரைப் பென்னித் தலை 1902 தொடக்கத்தில் நீலம் கலந்த பச்சையில் வந்தது. 1904 இறுதியில் மஞ்சள் கலந்த பச்சைக்கு மாறியது. 1918 ஜூனில் கட்டணமே ஒரு பென்னியாக உயர்ந்தது. அஞ்சல் முத்திரை தேதியைத் தரும், ஆனால் அது அட்டையை அனுப்பிய தேதி. படம் இரண்டு மூன்று பருவம் பழையதாக இருக்கலாம். பந்தின்மேல் உள்ள ஆண்டும் முத்திரையின் ஆண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. இல்லாவிட்டால், பந்தை நம்புவதே முறை. ஆனால் உண்மையில் விலை மதிப்பற்றது இடப்பாதியில் உள்ள கையெழுத்து. மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் நம்ம தம்பி என்று யாரோ அம்புக்குறி போட்டிருப்பார்கள். காயம்பட்ட முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். அணி அட்டையில் உள்ளவர்களுக்குப் பெயர் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

அஞ்சலட்டை மோகமும் ரக்பி மோகமும் உச்சத்தில் சந்தித்துக்கொண்டது 1905இல். டேவ் கல்லஹரின் தலைமையில் வந்த நியூசிலாந்து அணி 35 ஆட்டங்கள் ஆடி 34இல் வென்றது. எடுத்தது 976 புள்ளி, கொடுத்தது 59. தோற்ற ஒரே ஆட்டம், டிசம்பர் 16 அன்று கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் வேல்ஸிடம், 3–0. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து டெடி மார்கன் போட்ட ஒரே ட்ரை. நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்பது நூறாண்டு கழிந்தும் தீராத வழக்கு. அந்தப் பயணம் முழுவதையும் அஞ்சலட்டைகள் பின்தொடர்ந்தன. அணிப் படம், தனி முகங்கள், கேலிச் சித்திரம் எல்லாம் உண்டு. இவற்றில் விசித்திரமானது கருமாதி அட்டை. விக்டோரியா காலத்து வீடுகளில் துக்கம் நேர்ந்தால் கறுப்புக் கரை போட்ட நினைவு அட்டை அச்சடிப்பார்கள். அதைக் காப்பியடித்து, தோற்ற அணிக்கு ‘ஆழ்ந்த இரங்கல்’ தெரிவிக்கும் அட்டைகளை மைதானத்துக்கு வெளியே கூவி விற்றார்கள். மெல்லிய காகிதம், அவசர அச்சு, உள்ளூர் வசை. மேட்டுக்குடி ரசனைக்கு ஒவ்வாத இந்தச் சரக்கை அந்தக் காலத்தில் எந்த நூலகமும் எடுத்து வைத்ததில்லை. இன்று கிடைப்பவை தனியார் பெட்டிகளிலிருந்து வந்தவை.

அந்தப் பயணத்தின் பெரும் வசூலைப் பார்த்து யோசனை பிறந்தது வெலிங்டனில் ஓர் அஞ்சல் துறை எழுத்தருக்கு. ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற அந்த இளைஞர் 1907இல் காசு வாங்கி ஆடும் நியூசிலாந்து அணியைத் திரட்டி வடக்கு ஒன்றியத்தோடு மோதக் கப்பலேறினார். போகிற வழியில் கொழும்பிலும் ஓர் ஆட்டம் ஆடினார்கள். 1908 ஜனவரி 1 அன்று வேல்ஸின் அபர்டேரில் அவர்கள் ஆடியதே இரு நாட்டு அணிகள் மோதிய முதல் ரக்பி லீக் ஆட்டம். வேல்ஸ் 9–8 என்று வென்றது. ஊர் திரும்பும் வழியில், மே மாதம், பிரிஸ்பேனில் நிமோனியாவில் பாஸ்கர்வில் இறந்தபோது அவருக்கு வயது 25. இந்த அணியின் அட்டைகளை 1905 அணியின் அட்டைகளோடு குழப்பி விற்பவர்கள் உண்டு. வாங்குபவர் முகங்களையும் ஆண்டையும் சரிபார்ப்பது நல்லது.

போர் இந்த அட்டைகளின் அர்த்தத்தை மாற்றியது. கல்லஹர் 1917 அக்டோபர் 4 அன்று பாஷண்டேல் போரில் இறந்தார். கார்டிஃபில் அவரை எதிர்த்து ஆடிய சார்லி பிரிச்சர்டு அதற்கு முந்தைய ஆண்டே பிரான்சில் இறந்துவிட்டார். அணி அட்டைகளில் சிலர் தலைக்குமேல் பென்சிலில் சிறு சிலுவை போட்டிருப்பதைக் காணலாம். தரம் பிரிக்கும் வணிகர்கள் அதைக் ‘கறை’ என்று குறித்து விலையைக் குறைக்கிறார்கள். எனக்கு இது எரிச்சலூட்டுகிறது.

சிகரெட் அட்டை வேறு கதை. மெல்லிய பொட்டலத்துக்குள் சிகரெட் நசுங்காமலிருக்க வைத்த அட்டைத் துண்டில் விளம்பரத்தையும் பிறகு படத்தையும் அச்சிட்டார்கள். பிரிட்டனில் வில்ஸ் நிறுவனம் 1880களின் இறுதியில் தொடங்கியது. ஆக்டன்ஸ் நிறுவனத்தின் ‘கினி கோல்ட்’ அட்டைகள் உண்மையான ஒளிப்படங்கள். 1917இல் காகிதத் தட்டுப்பாட்டால் நின்று, 1920களில் மீண்டு, 1940இல் அடுத்த போரோடு நின்றுபோனது இந்தப் பழக்கம். நம் பெட்டிக்கடைகளில் சிசர்ஸ் என்று கேட்டு வாங்கும் சிகரெட்டும் வில்ஸின் சரக்குதான். இந்தியச் சந்தைக்கென்று அதில் தனி அட்டை வரிசைகள் வந்தன.

வில்ஸ் 1929இலும் சர்ச்மன் 1935இலும் ‘ரக்பி சர்வதேச ஆட்டக்காரர்கள்’ என்று தலா 50 அட்டை வெளியிட்டன. அழகான அச்சு, பின்பக்கம் சுருக்கமான வாழ்க்கைக் குறிப்பு. ஆனால் பெயின்ஸின் பொட்டலத்தோடு வைத்துப் பார்த்தால் உலகம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது தெரியும். பேட்டை அணிகள் இல்லை, ஞாயிறு பள்ளிகள் இல்லை. நாட்டுச் சீருடை அணிந்த யூனியன் ஆட்டக்காரர்கள், கல்கத்தா கோப்பைக்காக ஆடியவர்கள். (1878இல் கல்கத்தா ரக்பிக் கழகத்தைக் கலைத்தபோது வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகக் கைப்பிடிகளோடு செய்த கோப்பை அது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அதற்காக மோதுகின்றன.) நாடு முழுவதும் விற்கிற நிறுவனத்துக்கு நாடு முழுவதும் தெரிந்த முகம் வேண்டும். வடக்கே ஹன்ஸ்லெட் பேட்டையின் ஒரு தெரு அணியை வைத்து அது என்ன செய்யும்? இது யாருடைய சதியும் அல்ல, வியாபாரக் கணக்கு. ஆனால் விளைவு ஒன்றுதான்.

சேகரிப்பாளர்களின் பழக்கமும் இதை வலுப்படுத்தியது. சிகரெட் அட்டைக்கு எண் உண்டு, முழு வரிசை உண்டு, விலைப் பட்டியல் உண்டு. லண்டன் சிகரெட் கார்டு நிறுவனம் 1927இலும், அட்டைச் சேகரிப்பாளர் சங்கம் 1938இலும் தோன்றின. எட்வர்ட் வார்ட்டன்-டைகர் என்ற ஒரே மனிதர் பத்து லட்சத்துக்கு மேல் அட்டைகள் சேர்த்து, அத்தனையையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்துவிட்டு 1995இல் இறந்தார். ஐம்பதில் நாற்பத்தொன்பது இருந்தால் ஐம்பதாவதைத் தேடலாம். பெயின்ஸின் கேடயத்துக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. எத்தனை இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை ‘முழுமையாக்க’ முடியாது. அதனால்தான் ஆய்வாளனுக்கு அதில் வேலை இருக்கிறது.

வாங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று போதும். சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது அச்சுப் படம். புழு நெளிவதுபோன்ற நுண்ணிய கோடுகள் தெரிந்தால் கொலோடைப் என்ற பழைய அச்சு முறை, 1900களின் அஞ்சலட்டைகளில் நிறைய வரும். இரண்டும் இல்லாமல் நிழல் வழுவழுப்பாகக் கரைந்தால் உண்மை ஒளிப்படம். அதைச் சாய்த்துப் பிடித்தால் கறுத்த இடங்களில் வெள்ளிப் பளபளப்பு ஏறியிருக்கும். புற ஊதா விளக்கில் தாள் நீலமாக ஒளிர்ந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். தாளுக்கு வெண்மை கூட்டும் அந்த வேதிப்பொருள் ஏறத்தாழ 1950க்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தது. பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். பி.வி.சி. உறை சில ஆண்டுகளில் ஒட்டிக்கொண்டு படத்தை உரித்துவிடும்.

ட்விக்கன்ஹாமில் உள்ள உலக ரக்பி அருங்காட்சியகமும், ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ரக்பி லீக் ஆவணங்களை வைத்திருக்கும் ஹெரிடேஜ் கீ காப்பகமும் ஆட்டத்தின் இரு பாதிகளையும் தனித்தனியே காத்துவருகின்றன. தனியார் ஆல்பங்கள் அவற்றுக்கு வெளியே ஏலத்தில் சிதறுகின்றன. ஒரு குடும்பத்தின் ஆல்பத்தைப் பிரித்து, சர்வதேச ஆட்டக்காரர்களைத் தனியே எடுத்து விற்றுவிட்டு, பெயர் தெரியாத ஊர் அணிகளை மொத்தமாகத் தள்ளிவிடுவது வணிகர்களின் வழக்கம். யார் யாரோடு ஒரே பக்கத்தில் இருந்தார்கள் என்ற தகவல் அத்தோடு போய்விடும். ஆகவே வாங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆல்பத்தைப் பிரிப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். அட்டையின் இரு பக்கங்களையும் கேளுங்கள், பின்பக்கத்துப் பசையையும் பென்சில் எழுத்தையும் சுத்தம் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மொத்தமாகத் தள்ளிவிடும் அந்தக் கட்டையும் சேர்த்து வாங்குங்கள், அது இன்னும் மலிவாகத்தான் கிடைக்கிறது.